வைன்காஃப் ஹோட்டல், 1946: கட்டடம் நின்றது, 119 பேர் எப்படி இறந்தார்கள்?

நாற்சந்தி (கேள்வி)

அட்லாண்டா வைன்காஃப் ஹோட்டல் தீ விபத்தைப் பற்றித் தீப்பாதுகாப்பு வகுப்பு ஒன்றுக்குக் குறிப்பு தயாரிக்கிறேன். 1946 டிசம்பர் 7, விடியற்காலை. 119 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஹோட்டல் தீ என்று எடுத்துக்கொண்டால் இதைவிட அதிக உயிர் போனது வேறு இல்லை.

மூன்று இடங்களில் இடிக்கிறது.

ஒன்று: "முற்றிலும் தீப்பிடிக்காதது" என்று விளம்பரம் செய்த கட்டடம் இது. அதைப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. எஃகுச் சட்டகம், செங்கல் சுவர். அத்தனை நடந்தபிறகும் கட்டடம் நின்றது, 1951இல் வேறு பெயரில் ஹோட்டலாகத் திறந்தார்கள், 2007 முதல் எல்லிஸ் ஹோட்டல் என்ற பெயரில் நடக்கிறது. அப்படியானால் எரிந்தது எது?

இரண்டு: 15 மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு. யார் அனுமதித்தார்கள்?

மூன்று: "அதன்பிறகு விதிகள் எல்லாம் மாறின" என்று எல்லாரும் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எல்லாம் மாறியிருந்தால் 1980இல் லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்டில் 85 பேர் எப்படி இறந்தார்கள்? உண்மையில் எது மாறியது, எது மாறவில்லை?

செங்கல்சூளை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

தீப்பிடிக்காதது என்ற சொல் கட்டடத்தின் எலும்புக்கூட்டுக்குத்தான் பொருந்தும். தூண், உத்திரம், தளம், சுவர் இவை எரியாது, சாயாது. அடுப்பும்தான் தீப்பிடிக்காது, உள்ளே விறகு எரிகிறதே. வைன்காஃபில் விறகு ஏராளம்: மரக் கதவு, மர நிலை, காரிடார் சுவரில் ஒட்டிப் பெயின்ட் அடித்த சாக்குத் துணி, அதற்கு மேல் காகிதம், கம்பளம், மெத்தை, நாற்காலி.

தீ தொடங்கிய இடம் மூன்றாம் மாடிக் காரிடார். அங்கே ஒரு மெத்தை கிடந்தது. அணையாத சிகரெட்டா, யாரோ வேண்டுமென்று வைத்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உங்கள் குறிப்புக்கு அது தேவையும் இல்லை. எப்படித் தொடங்கியிருந்தாலும் அடுத்து நடந்தது ஒன்றுதான்.

படிக்கட்டு இரண்டு லிஃப்ட்களைச் சுற்றிக்கொண்டு கட்டடத்தின் நடுவில் ஏறியது. எந்த மாடியிலும் அதற்குக் கதவு கிடையாது; காரிடாரிலிருந்து நேராகப் படிக்குப் போகலாம். வெளியே டிசம்பர் குளிர், உள்ளே வெதுவெதுப்பு. இந்த நிலையில் உயரமான கட்டடத்துக்குள் காற்று தானாகவே கீழிருந்து மேலே இழுபடும், தீ இல்லாத நாளிலும். கீழே ஒரு மெத்தை பற்றினால் அந்த இழுப்பு பல மடங்காகும். ஆக அடுப்பு மட்டுமில்லை, மேலே புகைபோக்கியும் தயாராக இருந்தது.

பலர் தவறவிடும் விஷயம் வென்டிலேட்டர். ஏசி இல்லாத காலத்துக் கட்டடம் என்பதால் ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் மரப்பலகை வென்டிலேட்டர் உண்டு. காற்றுக்காகத் திறந்து வைத்துத் தூங்குவார்கள். கதவைச் சாத்தித் தாழிட்டிருந்தாலும் மேலே அந்தப் பொந்து வழியாகப் புகை வரும், பிறகு தீயும் வரும். மூச்சு முட்டியவர் என்ன செய்வார்? ஜன்னலைத் திறப்பார். திறந்ததும் காரிடார், வென்டிலேட்டர், அறை, ஜன்னல் என்று காற்றுக்கு நேர்வழி கிடைத்துவிடும், காரிடாரில் எரிவது அறைக்குள் இழுபடும். தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. விசாரித்தபோது இதைத்தான் குறித்தார்கள்: வென்டிலேட்டர் மூடியிருந்த அறைகள் கூடுதல் நேரம் தாங்கின.

நான்காம் மாடிக்கு மேல் இருந்தவர்களுக்கு வேறு படி இல்லை, வெளிப்புற இரும்புப் படியும் இல்லை. ஜன்னல் ஒன்றுதான். முன்பக்கம் தீயணைப்பு ஏணி எட்டிய மாடிவரை ஆட்களை இறக்கினார்கள், உச்சி மாடிகளுக்கு ஏணி எட்டவில்லை. பின்பக்கம் பத்தடிச் சந்து. ஏணி வண்டி நுழையாது. எதிர்க் கட்டடத்திலிருந்து பலகையையும் ஏணியையும் சந்துக்குக் குறுக்கே பாலம்போலப் போட்டுச் சிலரைக் கொண்டுவந்தார்கள். படுக்கைவிரிப்பை முடிச்சுப் போட்டு இறங்கியவர்களும் குதித்தவர்களும் பலர், அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹோட்டலைக் கட்டி, பெயரும் கொடுத்த ஃபிராங்க் வைன்காஃப் அங்கேயே குடியிருந்தார். அவரும் அன்றே இறந்தார்.

அளவுகோல்

இரண்டாவது கேள்விக்கு: யாரும் விதியை மீறவில்லை. விதிப்படியேதான் கட்டினார்கள்.

ஹோட்டல் திறந்தது 1913. அப்போதைய அட்லாண்டா கட்டட விதி, மனை 5000 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் ஒரு படிக்கட்டு போதும் என்றது. வைன்காஃப் மனை ஏறக்குறைய 63க்கு 70 அடி, அதாவது 4400 சதுர அடி. சின்ன மனையில் இரண்டாவது படி வைத்தால் ஒவ்வொரு மாடியிலும் வாடகை வரும் இடம் போய்விடும், அதற்காகக் கொடுத்த சலுகை. இரண்டு மாடிக் கடைக்கு அது சரி. இங்கே அதே மனைமேல் 15 மாடி எழும்பியது, விபத்து நடந்த இரவில் 280 பேர் அளவில் உள்ளே இருந்தார்கள். விதி மனையை அளந்ததே தவிர உயரத்தையும் தலைகளையும் எண்ணவில்லை.

உங்கள் குறிப்பில் இதையும் சேர்க்கலாம்: சூடு பட்டால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை, தானியங்கி அலாரமும் இல்லை. இரவுக் காவலாக ஆள் சுற்றிவருவதுதான் ஏற்பாடு. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போனது 3:42க்கு. வண்டிகள் மிக விரைவாகவே வந்துவிட்டன, நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் வரும்போதே மேல்மாடி ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். தீ பிடித்ததற்கும் தகவல் போனதற்கும் நடுவே கரைந்த நிமிடங்களை எந்த வண்டியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. "தீயணைப்புத் துறை தாமதம்" என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அதை எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

நாற்சந்தி

நன்றி. அப்படியென்றால் படிக்கட்டுக்குச் சுவரும் கதவும் போட்டிருந்தால் மட்டும் போதுமா? அல்லது ஸ்பிரிங்க்ளர் மட்டும் இருந்திருந்தால் போதுமா? வகுப்பில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

வால்வுக்காரர்

ரெண்டும் வேற வேற வேலை செய்யுது, அதனால "எது போதும்"னு கேட்டா பதில் வராது. ஸ்பிரிங்க்ளர் தீயை அது பிடிச்ச எடத்துலயே அமுக்குது. அது வேலை செய்யாத நாளைக்குத்தான் படிக்கட்டுச் சுவரும் கதவும்.

படிக்கட்டு: என்.எஃப்.பி.ஏ. 101 விதிப்படி புதுக் கட்டடத்துல படி நாலு மாடியோ அதுக்கு மேலயோ இணைச்சா சுத்திச் சுவர் 2 மணி நேரம் தீயைத் தாங்கணும், அதுக்குக் கீழேன்னா 1 மணி நேரம். 2 மணி நேரச் சுவருல போடுற கதவு ஒன்றரை மணி நேரக் கதவு. கதவுன்னா பலகை மட்டும் இல்ல. நிலை, கீல், கதவைத் தானா இழுத்துச் சாத்துற டோர் குளோசர், தானா விழுற லாட்ச் எல்லாம் சேர்ந்ததுதான். கதவு சாத்திக்கிட்டா மட்டும் பத்தாது, லாட்ச் விழணும். விழலேன்னா தீயோட அழுத்தமே கதவைத் தள்ளித் திறந்துடும்.

நடைமுறையில கெடுறது எங்கேன்னா: கதவுக்குக் கீழ கட்டை சொருகி வைப்பாங்க, சாமான் தள்ளுவண்டி போகணும்னு. குளோசர் இழுப்பு அதிகமா இருக்குன்னு அதோட கைக்கம்பியைக் கழட்டி விட்டுடுவாங்க. நாள் முழுக்கத் திறந்தே இருக்கணும்னா அதுக்குன்னே மின்காந்தப் பிடிப்பான் இருக்கு, புகை டிடெக்டர் அடிச்சா விட்டுடும், கதவு தானா மூடிக்கும். செலவும் பெருசு இல்ல. ஆனா கட்டை ஓசியில கிடைக்குதே!

இன்னொண்ணு, ஓட்டை. குழாய், கேபிள் போட சுவரையும் தளத்தையும் துளைப்பாங்க, வேலை முடிஞ்சதும் சுத்தி இருக்குற இடைவெளியை அப்படியே விட்டுடுவாங்க, இல்லாட்டி சாதா ஃபோமை அடிச்சு மூடுவாங்க. அந்த ஃபோம் எரியும். சோதிச்சுச் சான்று வாங்கின தீத்தடுப்பு அடைப்பானைத்தான் போடணும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல இருக்குறதால யார் கண்ணுலயும் படாது. சோதனைக்குப் போறவங்க சீலிங் பலகையைத் தூக்கிப் பார்க்கலேன்னா பார்த்ததாவே கணக்கு இல்ல.

ஸ்பிரிங்க்ளர்: தண்ணி பீச்சுற முனையைத் தலைன்னு சொல்வோம். அந்தத் தலையில இருக்குற கண்ணாடிக் குமிழ் சூட்டுல வெடிச்சாத்தான் தண்ணி வரும். சிவப்பு 68 டிகிரி செல்சியஸ், மஞ்சள் 79, பச்சை 93. எந்தத் தலைக்குக் கீழ சூடோ அது மட்டும்தான் திறக்கும். கட்டடம் முழுக்க ஒரே நேரத்துல மழை கொட்டுறதெல்லாம் சினிமாவுல. சாதாரண ஹோட்டல் அறைத் தீக்கு ஒண்ணு ரெண்டு தலையே அனேகமாப் போதும். மூணாம் மாடிக் காரிடார்ல ஒரு மெத்தை எரிஞ்சதுன்னு மேல சொல்லியிருக்காரே, அதுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதுலயும் கெடுறது உண்டு. ரிப்பேருக்கு மூடின வால்வைத் திறக்க மறந்துடுறது முதல் எதிரி. அதனாலதான் வால்வுக்குச் சங்கிலி, பூட்டு, மூடினா அலாரம் அடிக்கிற சுவிட்ச் எல்லாம். ரெண்டாவது, சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது தலைக்கும் சேர்த்து அடிச்சுடுறது. பெயின்ட் பட்ட தலையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணக் கூடாது, மாத்தித்தான் ஆகணும்.

ஏட்டுச்சுரை

மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி. "விதி மாறியது" என்று சொல்லும்போது எந்தக் கட்டடத்துக்கான விதி என்று கேட்க வேண்டும்.

1946 ஒரே ஆண்டில் மூன்று: ஜூன் 5 சிகாகோ லாசால் ஹோட்டல், 61 பேர். நான்கே நாளில், ஜூன் 9, டபுயூக் நகரின் கான்ஃபீல்ட் ஹோட்டல், 19 பேர். டிசம்பரில் வைன்காஃப். 1947 மே மாதம் அதிபர் ட்ரூமன் வாஷிங்டனில் தீத்தடுப்பு மாநாடு கூட்டினார். பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் நின்றுவிடும்.

அதன்பின் நடந்தது மேடையில் இல்லை, எழுத்துமேசையில். என்.எஃப்.பி.ஏ.வின் கட்டட வெளியேற்ற விதித்தொகுப்பு 1927 முதலே இருந்தது. திறந்த படிக்கட்டு ஆபத்து என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்த சங்கதி. சிக்கல் அதன் நடையில். வடிவமைப்பாளருக்கு யோசனை சொல்லும் கைநூலாக அது எழுதப்பட்டிருந்தது. "இப்படிச் செய்தால் நல்லது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த நகராட்சி யார்மேல் வழக்குப் போட முடியும்? 1946 விபத்துகளுக்குப் பிறகு பல ஊர்கள் அதைச் சட்டமாக்கப் பார்த்தபோது இது இடித்தது. ஆகவே முழு நூலையும் திருத்தி எழுதினார்கள்: கட்டாயமானவை மட்டும் உடற்பகுதியில், விளக்கமும் யோசனையும் குறிப்புகளில். 1948, 1949, 1951, 1952 பதிப்புகளினூடே அந்த வேலை நடந்து 1956 பதிப்பில் முடிந்தது. 1966இல் பெயரும் மாறி, இன்று உயிர்ப்பாதுகாப்பு விதித்தொகுப்பு, எண் 101, என்று வழங்குகிறது. வைன்காஃபின் தாக்கம் என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். "செய்யலாம்" என்பது "செய்ய வேண்டும்" ஆனது.

அடுத்த சிக்கல் பழைய கட்டடம். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே கட்டட விதி கிடையாது. மாநிலமோ நகரமோ ஏற்றால்தான் சட்டம், ஏற்கும்போதும் வழக்கமாகப் புதுக் கட்டடத்துக்குத்தான். ஏற்கெனவே கட்டியதைத் திருத்தச் சொன்னால் உரிமையாளர் நீதிமன்றம் போவார். போனார்கள். நியூயார்க் மாநிலம் 1944இல் தங்கல் விடுதிகளுக்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது, பழைய விடுதிகளுக்கும் சேர்த்து. ஒரு விடுதியின் உரிமையாளரான குவீன்சைட் ஹில்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது: கட்டியபோது எல்லா விதிக்கும் உட்பட்டுத்தானே கட்டினோம், 25,000 டாலர் பெறும் கட்டடத்துக்கு 7,500 டாலர் செலவு வைப்பது என்ன நியாயம் என்று. உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்தது 1946 ஏப்ரல், வைன்காஃபுக்கு எட்டு மாதம் முன்பு. ஆக, பழைய கட்டடத்தைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் அரசுகளுக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தும் மனம்தான் பல இடங்களில் இல்லை.

புகைமானி

எம்ஜிஎம் கிராண்டை வைன்காஃபோடு சேர்த்துப் பார்ப்பது சரியே, ஆனால் அங்கே படிக்கட்டுக்குக் கதவு இருந்தது. தவறு வேறு வேடத்தில் வந்தது.

1980 நவம்பர் 21, காலை ஏழு மணி தாண்டி. 1973இல் திறந்த 26 மாடிக் கட்டடம், உள்ளே 5,000 பேர் அளவில். தரைத்தளத்தில் ஒரு சிற்றுண்டிக் கூடம், அந்த நேரத்தில் மூடியிருந்தது. அங்கே பலகாரங்களைக் குளிரவைத்துக் காட்சிக்கு வைக்கும் அலமாரிக்குப் போன மின்கம்பி, அதிர்வினால் உராய்ந்து உராய்ந்து மேலுறை தேய்ந்தது. தரையிணைப்பும் சரியில்லை. சுவருக்குள் வெகுநேரம் புகைந்து வெளியே வந்தது. அதன்பின் சூதாட்டக் கூடம் முழுவதையும் சில நிமிடங்களில் தீ விழுங்கியது.

அந்தக் கூடத்திலும் சிற்றுண்டிப் பகுதியிலும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. கட்டும்போது விலக்குக் கொடுத்திருந்தார்கள். காரணம்: 24 மணி நேரமும் ஆள் இருக்கும் இடம், தீயென்றால் யாராவது பார்த்துவிடுவார்கள். பின்னாளில் சிற்றுண்டிக் கூடத்தின் நேரம் குறைந்தது. விலக்கு மட்டும் அப்படியே நின்றது. யாரும் திரும்பப் போய் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. விட்டுப்போன ஸ்பிரிங்க்ளர்களின் விலை 1,92,000 டாலர் என்பார்கள். இழப்பீடாகப் போனது 22 கோடி டாலருக்கு மேல்.

தீ தரைத்தளத்தைத் தாண்டி அறை மாடிகளுக்கு ஏறவே இல்லை. ஆனாலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் உச்சியில், 20ஆம் மாடிக்கு மேலே. புகை போன வழிகள்: லிஃப்ட் ஷாஃப்ட், படிக்கட்டு, நிலநடுக்கத்துக்காகக் கட்டடப் பகுதிகளுக்கு நடுவே விட்ட இடைவெளிகள், ஏசி குழாய்கள். ஏசி குழாயில் தீ டேம்பர் என்று ஒரு தகடு உண்டு. சுமார் 74 டிகிரியில் உருகும் இணைப்பு அதைத் திறந்து பிடித்திருக்கும், உருகினால் தகடு விழுந்து குழாயை அடைக்கும். அங்கே சில டேம்பர்கள் மூடவே முடியாதபடி போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தன.

படிக்கட்டுக் கதவுகள் காரிடார் பக்கமிருந்து திறக்கும், படிப் பக்கமிருந்து திறக்காது. திருட்டுப் பயத்துக்காகச் செய்த ஏற்பாடு. பத்து மாடி இறங்கியவர் கீழே புகையைப் பார்த்துத் திரும்பினால் எந்த மாடிக்கும் நுழைய முடியாது. கீழே போக வேண்டும் அல்லது மொட்டைமாடி. இன்றைய விதித்தொகுப்பில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாடிகளுக்கான படிக்கட்டில் கதவு திரும்ப உள்ளே விட வேண்டும், அல்லது தீ அலாரம் அடித்ததும் பூட்டு தானாக விடுபட வேண்டும், அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் திறக்கும் மாடிகள் இருந்து அவற்றைப் படிக்குள் எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்குள், 1981 பிப்ரவரி 10, அதே ஊரில் ஹில்டன். எட்டாம் மாடி லிஃப்ட் கூடத்தில் ஒருவர் வைத்த தீ, ஜன்னலை உடைத்து வெளியே வந்து அடுத்த மாடி ஜன்னலைப் பிடித்து, அப்படியே தாவித் தாவிக் கட்டடத்தின் உச்சிவரை போனது. அந்தக் கூடங்களின் சுவரிலும் கூரையிலும்கூடக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் நெவாடா சட்டம் போட்டது: 55 அடிக்கு மேல் உயரமான ஹோட்டல்கள் பழையதானாலும் ஸ்பிரிங்க்ளர் போட்டாக வேண்டும். ஏட்டுச்சுரை சொன்ன மனம் அந்த மாநிலத்துக்கு அப்போதுதான் வந்தது.

நாடு தழுவிய சட்டத்துக்கு இன்னொரு விபத்து தேவைப்பட்டது. 1986 டிசம்பர் 31, போர்ட்டோ ரிக்கோ டூபாண்ட் பிளாசா, 97 பேர். 1990இல் வந்த ஹோட்டல் தீப்பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் தந்திரமானது. ஹோட்டல்காரரை அது எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. மத்திய அரசு ஊழியர் பயணத்தில் தங்கும் இடத்தில் ஒவ்வொரு அறையிலும் மின்னிணைப்புள்ள புகை டிடெக்டர் இருக்க வேண்டும், மூன்று மாடிக்கு மேற்பட்டதென்றால் ஸ்பிரிங்க்ளரும் இருக்க வேண்டும் என்றது. தேறிய ஹோட்டல்களின் பட்டியலையும் அரசே வைத்துக்கொண்டது. பட்டியலில் இல்லாவிட்டால் அரசாங்க வியாபாரம் போச்சு. சட்டத்துக்கு அசையாதவர்கள் கல்லாப்பெட்டிக்கு அசைந்தார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: இன்று லாஸ் வேகஸில் எம்ஜிஎம் கிராண்ட் என்ற பெயரில் இருப்பது வேறு கட்டடம். எரிந்தது பிறகு பாலிஸ் ஆனது, இப்போது ஹார்ஸ்ஷூ. படம் போடுவதாக இருந்தால் பார்த்துப் போடுங்கள்.

நாற்சந்தி

மிக்க நன்றி எல்லாருக்கும். "எல்லாம் மாறின" என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 5000 சதுர அடி விதியையும் 24 மணி நேர விலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முகப்புக்கு, ஜன்னலிலிருந்து ஒரு பெண் விழும் அந்தப் பிரபலமான படத்தைப் போட்டு, "இறந்த 119 பேரில் ஒருவர்" என்று கீழே எழுதலாம் என்றிருக்கிறேன்.

அளவுகோல்

அப்படி எழுதாதீர்கள். அந்தப் படத்தில் விழும் பெண் பிழைத்தார், பலத்த எலும்பு முறிவுகளோடு. எடுத்த ஆர்னால்ட் ஹார்டியும் பத்திரிகைக்காரர் இல்லை, ஜார்ஜியா டெக் மாணவர். 1947இல் புலிட்சர் பரிசு வாங்கினார். படம் வேண்டுமானால் போடுங்கள், குறிப்பை மட்டும் மாற்றுங்கள். கூடவே ஒரு மாடியின் தளவரைபடமும் வையுங்கள், நடுவில் லிஃப்ட், அதைச் சுற்றிக் கதவில்லாத படி. வகுப்பில் கேள்வி வருவது அதைப் பார்த்துத்தான்.